தானேயா, சென்னையா, பள்ளத்தூரா: எங்கே எவ்வளவு மிஞ்சும்?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 50. சொந்த ஊர் காரைக்குடிக்கு அருகிலுள்ள பள்ளத்தூர். 18 ஆண்டுகளாக மும்பையில் ஒரு தனியார் நிறுவனத்தில் பணியாற்றுகிறேன். தானேயில் மாதம் ரூ.42,000 வாடகையில் குடியிருக்கிறேன். பிடித்தம் போகக் கையில் வருவது ரூ.1,45,000, அடிப்படைச் சம்பளம் ரூ.70,000. நிறுவனம் இப்போது இரண்டு வாய்ப்புகளைத் தந்திருக்கிறது. சென்னைக் கிளைக்கு மாறினால் அடிப்படைச் சம்பளம் மாறாமல் கையில் ரூ.1,25,000 வரும். ஊரிலிருந்தே வேலை பார்ப்பதானால் அடிப்படைச் சம்பளம் ரூ.50,000 ஆகக் குறைந்து, கையில் ரூ.1,05,000 வரும். ஆத்தா ஊரில் தனியாக இருக்கிறார்; வீட்டில் எனக்கு நான்கில் ஒரு பங்கு உண்டு. மகள் இவ்வாண்டு பொறியியல் படிப்பில் சேர வேண்டும். மும்பையைவிடக் காரைக்குடிப் பக்கம் வாழ்க்கைச் செலவு 60 சதவீதம் குறைவு என்று இணையத்தில் ஒரு கணக்கீடு பார்த்தேன். அப்படியானால் சம்பளத்தில் ரூ.40,000 குறைந்தாலும் ஊருக்கு வருவது இலாபந்தானே?

பதில்: ஊருக்கு வர வேண்டும் என்ற முடிவைத் தாங்கள் மனத்துக்குள் ஏற்கெனவே எடுத்துவிட்டு, அதற்கு ஒரு கணக்கைத் தேடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. அதில் தவறில்லை; நானும் அப்படித்தான் திரும்பி வந்தவன். ஆனால் அந்த 60 சதவீதத்தை நம்பி வர வேண்டாம். மும்பையில் வாடகை வீட்டில் இருந்து, அலுவலகத்துக்கு நாள்தோறும் பயணம் செய்து, அடிக்கடி வெளியே சாப்பிடுகிற யாரோ ஒருவருடைய செலவை ஊரில் உள்ள இன்னொருவருடைய செலவோடு ஒப்பிட்டு வந்த எண் அது. அந்த இருவரில் ஒருவராகவும் தாங்கள் இல்லை.

நாட்டின் பகுதிகளுக்கிடையே விலை எவ்வளவு வேறுபடுகிறது என்பதற்கு அரசுப் புள்ளிவிவரங்களிலேயே சில அளவுகோல்கள் உண்டு. அவற்றைச் சரியாகப் படிக்க வேண்டும். செய்தித்தாளில் மாதந்தோறும் வரும் நுகர்வோர் விலைக் குறியீட்டெண், ஓர் இடத்தில் விலை காலப்போக்கில் எவ்வளவு ஏறியது என்பதைச் சொல்லுமே தவிர, இரண்டு ஊர்களில் எது மலிவு என்பதைச் சொல்லாது. ஒரு மாநிலத்தில் பணவீக்கம் குறைவு என்பதால் அங்கே வாழ்வது மலிவு என்று முடிவு கட்டுவோரைப் பார்க்கிறேன். முன்பே விலை உச்சியில் இருக்கும் ஊரில் ஏற்றம் மெதுவாக இருக்கலாம் அல்லவா? அதேபோல் 2022-23 ஆம் ஆண்டுக் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு நகர்ப்புறத்தில் ஒருவரின் மாதச் செலவு சராசரியாக ரூ.7,630, அனைத்திந்திய நகர்ப்புறச் சராசரி ரூ.6,459. இதை வைத்துத் தமிழ்நாடு விலை கூடிய மாநிலம் என்று சொல்ல முடியாது. இங்குள்ளவர்கள் கூடுதலாகச் செலவு செய்ய முடிகிறது என்பதே அதன் பெரும்பகுதிப் பொருள்.

விலை வேறுபாட்டை ஓரளவேனும் நேராகக் காட்டுவது, பலரும் இந்த நோக்கில் பார்க்காத ஒன்று: பழைய திட்டக் குழு 2011-12 ஆம் ஆண்டுக்கு மாநிலவாரியாக வகுத்த வறுமைக் கோடு. ஏறத்தாழ ஒரே வாழ்க்கைத் தரத்துக்கு எங்கே எவ்வளவு பணம் வேண்டும் என்ற அடிப்படையில் அது கணக்கிடப்பட்டது. ஒருவருக்கு ஒரு மாதத்துக்கு மகாராஷ்டிர நகர்ப்புறத்தில் ரூ.1,126, தமிழ்நாட்டு நகர்ப்புறத்தில் ரூ.937, தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் ரூ.880. ஆக, மகாராஷ்டிர நகரத்தை விடத் தமிழ்நாட்டு நகரம் ஏறக்குறைய 17 சதவீதம் மலிவு, தமிழ்நாட்டுக் கிராமம் 22 சதவீதம் மலிவு. எண்கள் பழையவை, ஏழைக் குடும்பம் வாங்கும் பொருள்களைச் சார்ந்தவை, மும்பையின் வாடகை அவற்றில் முழுமையாகத் தெரியாது. இருந்தாலும், வாடகையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் வேறுபாடு 20 சதவீத அளவில்தான் நிற்கிறது, 60 அல்ல என்பதை அவை உணர்த்துகின்றன.

வாடகைதான் இதில் முக்கியமான செய்தி. நடுவண் அரசு தன் ஊழியர்களுக்குத் தரும் வீட்டு வாடகைப்படியைப் பாருங்கள்: மும்பை, சென்னை உள்ளிட்ட 8 பெருநகரங்களில் அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம், மதுரை, திருச்சி போன்ற நகரங்களில் 20, காரைக்குடி போன்ற மற்ற ஊர்களில் 10. அரிசிக்கும் பருப்புக்கும் ஊருக்கேற்ப இப்படி ஒரு படி கிடையாது. ஊருக்கு ஊர் பெரிதும் மாறுவது குடியிருப்புச் செலவுதான் என்பதை அரசே ஒப்புக்கொள்கிறது என்று இதைப் படிக்கலாம்.

கேள்வியோடும் மாதச் செலவுப் பட்டியலோடும் தாங்கள் அனுப்பிய மளிகைச் சீட்டை எடுத்துக்கொண்டு நான் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடைக்குப் போனேன். சீட்டில் 26 பொருள்கள்; அவற்றில் 17 உறையில் விலை அச்சிட்டு வருபவை. காபித்தூள், சோப்பு, பற்பசை, கோதுமை மாவு, பிஸ்கட் எல்லாம் தானேயில் என்ன விலையோ இங்கும் அதே விலை. 2017 ஜூலைக்குப் பிறகு சரக்கு மற்றும் சேவை வரியும் நாடெங்கும் ஒன்றுதான். மீதி ஒன்பதில்தான் வேறுபாடு தெரிந்தது: புழுங்கலரிசி, செக்கு நல்லெண்ணெய், மிளகாய், தேங்காய் போன்றவை. தானேயில் ரூ.4,610 கொடுத்த அதே சீட்டுக்குக் கடைக்காரர் போட்ட தொகை ரூ.4,380. ஐந்து சதவீதம். பாலும் காய்கறியும் இதைவிடக் கூடுதலாக மிச்சப்படுத்தும். ஆட்டுக்கறியில் செட்டிநாடு யாருக்கும் சலுகை காட்டுவதில்லை. கைப்பேசிக் கட்டணம், தங்கம், மகளின் மடிக்கணினி, தவணை எதுவும் ஊர் பார்த்துக் குறையாது.

கொண்டுவிற்க, அதாவது வெளிநாட்டுக்கு வணிகம் செய்யப் போன முன்னோர் கடைக்கணக்கை முடிக்கும்போது ஐந்தொகை என்னும் இருப்புநிலைக் கணக்கு எடுத்தார்களே, அதுபோலத் தங்கள் வீட்டுக்கு மட்டும் மூன்று ஊருக்கும் கணக்கெடுத்தேன். தானேயில் தாங்கள் எழுதியுள்ளபடி மாதச் செலவு ரூ.1,22,500: வாடகை 42,000, சாப்பாடும் மளிகையும் 22,000, மகளின் கல்லூரிக்கு எதிர்பார்ப்பது 12,000, ஆத்தாவுக்கு அனுப்புவது 8,000, ஊருக்கு வந்துபோவது 6,000, மின்சாரம், வேலையாள், பயணம், காப்பீடு, தொலைபேசி ஆகியவை சேர்ந்து 20,500, இதர செலவு 12,000. மிச்சம் ரூ.22,500.

சென்னையில் தாம்பரம் பக்கம் ரூ.25,000க்கு வீடு கிடைக்கும் என்று கொண்டேன். ஆத்தாவுக்கு அனுப்புவதையும் கல்லூரிச் செலவையும் மாற்றவில்லை. பல்லவன் விரைவு வண்டியில் ஏறினால் அன்றைக்கே காரைக்குடி என்பதால் பயணத்துக்கு 3,000 போதும். மற்றவை சற்றே குறையும். ஊர் விசேடங்களுக்கு 3,000 புதிதாகச் சேரும். எல்லாம் சேர்ந்து ரூ.1,01,000. மிச்சம் ரூ.24,000.

பள்ளத்தூரில் வாடகை இல்லை. ஆனால் வாடகை போன இடத்தில் வேறு மூன்று செலவுகள் வந்து உட்காரும். அவற்றைத்தான் ஊர் திரும்புவோர் பெரும்பாலும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்.

முதலாவது வீடு. பங்கு வீட்டில் வாடகை இல்லாவிட்டாலும் குடியிருப்பவருக்குத்தான் ஒழுகும். எங்கள் வீட்டில் சென்ற ஆண்டு இரண்டாங்கட்டுக் கூரையில் ஓடு மாற்ற ரூ.40,000 ஆகும் என்று கொத்தனார் சொன்னார். ஓட்டைப் பிரித்த பிறகுதான் அடியில் இருந்த கைமரங்கள் உளுத்துப்போனது தெரிந்தது. ஒரு மரத்தை அவர் விரலால் அழுத்தியபோது உமிபோல உதிர்ந்தது. வேலை முடிந்தபோது ரூ.1,15,000. நான்கு பங்காளிகளில் பணம் கொடுத்தவர் என்னையும் சேர்த்து இருவர். மற்ற இருவர் ‘பூட்டிக் கிடக்கிற அறைக்கு நாங்கள் ஏன்’ என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை, ஆனாலும் எனக்கு வருத்தம் இன்னும் ஆறவில்லை. எனவே வீட்டுப் பராமரிப்புக்கு மாதம் ரூ.10,000 தனிக் கணக்கில் ஒதுக்கியிருக்கிறேன். ஆடம்பரமான தொகை அல்ல.

இரண்டாவது, உறவுமுறைச் சீரும் மொய்யும். தானேயில் இருந்தால் வர முடியவில்லை என்று ஒரு தொலைபேசி அழைப்போடு முடியும். ஊரில் இருந்தால் கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்றவை), படைப்பு (முன்னோருக்குப் படையல்), கோயில் காரியம் எல்லாவற்றுக்கும் நேரில் போகவேண்டும். தையிலும் வைகாசியிலும் வாரத்துக்கு மூன்று அழைப்பு வரும். திரும்பி வரும் மொய் என்று சிலர் அதைச் சேமிப்பாகவே பேசுவார்கள். தங்கள் மகள் கல்யாணம் வரை அது செலவுதான். மாதம் ரூ.6,000.

மூன்றாவது மகளின் படிப்பு. அவள் கோவையிலோ திருச்சியிலோ விடுதியில் சேர்ந்தால் கல்லூரியும் விடுதியும் சேர்த்து 22,000. இவற்றோடு சாப்பாடு 20,000, மூன்று மாதத்துக்கொரு முறை மும்பை அலுவலகம் போய்வர மாதக் கணக்கில் 4,000, ஆத்தாவின் மருந்துக்கு 4,000, இணைய இணைப்பு, இன்வெர்ட்டர், வண்டி, காப்பீடு, வேலையாள், மின்சாரம் ஆகியவற்றுக்கு 16,000, இதர செலவு 9,000. மொத்தம் ரூ.91,000, மிச்சம் ரூ.14,000.

ஆக, தங்கள் செலவு குறைவது 26 சதவீதம்; சம்பளமும் ஏறத்தாழ 28 சதவீதம் குறைகிறது. தானேயில் மிஞ்சும் அதே தொகை பள்ளத்தூரிலும் மிஞ்ச வேண்டுமானால் கையில் ரூ.1,13,500 வரவேண்டும்.

இதைவிடக் கவலை தருவது அடிப்படைச் சம்பளக் குறைப்பு. வருங்கால வைப்பு நிதியில் தாங்களும் நிறுவனமும் தலா 12 சதவீதம் செலுத்துவதால், ரூ.20,000 குறைந்தால் மாதம் ரூ.4,800 அங்கே சேராமல் போகும். வேலையிலிருந்து விலகும்போது நிறுவனம் தரும் பணிக்கொடையோ இன்னும் கடுமை: கடைசியாக வாங்கிய சம்பளத்தை (2025 நவம்பர் வரை அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் மட்டும்) 26 ஆல் வகுத்து, 15 ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் பெருக்குவதே அதன் கணக்கு. அதாவது இன்று குறைக்கப்படும் சம்பளம், ரூ.70,000 வரை உயர்ந்து வந்த கடந்த 18 ஆண்டுகளுக்கும் சேர்த்து முன்தேதியிட்டு வெட்டுகிறது. அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், அந்த 18 ஆண்டுகளுக்கு மட்டும் ரூ.7,26,900 ஆக இருக்கும் தொகை ரூ.5,19,200 ஆகிவிடும். நிறுவனத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: குறைக்க வேண்டிய தொகையை நகரப்படியிலும் மற்றப் படிகளிலும் குறைத்து, அடிப்படைச் சம்பளத்தை ரூ.70,000 ஆகவே வைக்க முடியுமா? முடியாதென்றால், இதுவரையிலான பணிக்காலத்துக்குப் பணிக்கொடையைப் பழைய சம்பளத்தில் கணக்கிட்டுத் தருவதாக எழுத்தில் கேளுங்கள்.

மகள் விஷயத்தில் ஒரு வழி இருக்கிறது. தமிழ்நாட்டைப் பிறப்பிடமாகக் கொண்டு வெளிமாநிலத்தில் பள்ளிப்படிப்பை முடித்தவர்கள், பிறப்பிட, இருப்பிடச் சான்றிதழோடு இங்குள்ள பொறியியல் கலந்தாய்வில் பங்கேற்கலாம். காரைக்குடியிலேயே அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே இடம் கிடைத்து அவள் வீட்டிலிருந்து போய்வந்தால் 22,000 என்பது 5,000 ஆகிவிடும். மிச்சம் 31,000க்கு உயரும். ஒரே ஒரு வரி மாறினால் விடையே தலைகீழாகிறது; சராசரி எண்களை நான் நம்பாததற்கு இதுவும் ஒரு காரணம்.

சிறு விஷயங்கள் இரண்டு. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 அலகு மின்சாரம் இலவசம். ஆனால் 500 அலகைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் என்பதால், வளவு (முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்) முழுவதும் விளக்கெரிய விட வேண்டாம். மருத்துவக் காப்பீட்டில் சில திட்டங்கள் சிற்றூர்க்காரருக்குத் தவணையைக் குறைத்து, பெருநகர மருத்துவமனையில் சேர்ந்தால் செலவில் ஒரு பங்கை அவரே ஏற்க வைக்கின்றன. பெரிய சிகிச்சைக்கு மதுரைக்கோ சென்னைக்கோ போகும் நிலை வரும் என்பதால், முகவரியை மாற்றும் முன் அந்த விதியைப் படித்துவிடுங்கள்.

எனது கருத்து: நிறுவனம் அடிப்படைச் சம்பளத்தைக் குறைக்காமல் கையில் ரூ.1,13,500க்குக் குறையாமல் தர ஒப்புக்கொண்டாலோ, மகளுக்குக் காரைக்குடியில் இடம் கிடைத்துப் பணிக்கொடைக்கு ஒரு வழி பிறந்தாலோ, பள்ளத்தூருக்கே வாருங்கள். இல்லையேல் மகள் படிப்பு முடியும் நான்கு ஆண்டுகளுக்குச் சென்னையைத் தேர்ந்தெடுத்து, மாதம் இரண்டு முறை ஊருக்கு வந்து ஆத்தாவைப் பாருங்கள். தானேயில் தொடர்வதற்குக் கணக்கில் காரணம் எதுவும் தெரியவில்லை. எந்த முடிவானாலும் இந்த ஆவணிக்குள் பங்காளிகளை ஒருநாள் வீட்டில் கூட்டி, யார் எவ்வளவு தருவது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கூரையைப் பிரியுங்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் ஓடு மேய ஆள் கிடைக்காது.