ஊறுகாய் ஜாடியும் ஓலைக் குடிசையும்: மாதவிடாய் பற்றிய உங்கள் கேள்விகள்

கடலூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் 28 வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் பலரும் கேட்டவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா, அந்த மூன்று நாளும் ஊறுகாய் ஜாடியைத் தொட்டால் பூஞ்சை பிடிக்கும் என்கிறார் மாமியார். போன வருடம் நிஜமாகவே பிடித்துவிட்டது. (நெல்லிக்குப்பம்)

ஈரக் கரண்டி பட்டிருக்கும், அல்லது உப்பும் எண்ணெயும் குறைந்திருக்கும். நம் பக்கம் கடற்கரை, காற்றிலேயே ஈரம் அதிகம். ஊறுகாய்க்கு மேல் எண்ணெய் நிற்கட்டும், காய்ந்த கரண்டியால் எடுங்கள். யார் எடுத்தாலும், எந்த நாளில் எடுத்தாலும் கெடாது.

அது கெட்ட ரத்தம்தானே? வெளியே போனால்தானே உடம்பு சுத்தமாகும்? (வில்லியனூர், வயது 16)

இல்லைம்மா. கரு தங்குவதற்காகக் கருப்பையின் உள்சுவர் மாதாமாதம் தடிக்கிறது. கரு தங்காவிட்டால் அந்தச் சவ்வும் கொஞ்சம் ரத்தமும் சேர்ந்து வெளியேறுகின்றன. உன் உடம்பில் ஓடும் அதே ரத்தம்தான். கறுப்பாகத் தெரிந்தால், உள்ளே கொஞ்ச நேரம் தங்கி வருகிறது என்று அர்த்தம். மொத்தமாகப் பார்த்தால் 30, 40 மில்லிதான் போகும். ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பேடு நனைந்தாலோ, 7 நாளைத் தாண்டினாலோ டாக்டரைப் பார்க்க வேண்டும். கெட்ட ரத்தம் போகட்டும் என்று சும்மா இருந்து, ரத்தசோகை முற்றி வந்த பெண்களை நிறைய பார்த்திருக்கிறேன்.

பலாப்பழம் சூடு, சாப்பிட்டால் அதிகம் போகுமா? (பண்ருட்டி)

போகாது. சாப்பிடுங்கள்.

முதல் நாள் தலைக்குக் குளிக்கலாமா? (அரியாங்குப்பம்)

தாராளமாக. வெந்நீர் வலிக்கும் இதம்.

துணியைப் பாம்பு தாண்டினால் குழந்தை தங்காதாமே? (பரங்கிப்பேட்டை)

அப்படி எதுவும் நடக்காது. ஆனால் இந்தப் பயத்தில்தான் துணியைக் கட்டிலுக்கு அடியிலும் ஓலை இடுக்கிலும் ஒளித்துக் காயவைக்கிறார்கள். சரியாகக் காயாத துணியால் அரிப்பும் புண்ணும் வரும். சோப்புப் போட்டு அலசி, நல்ல வெயிலில் காயப்போடுங்கள்.

கோயிலுக்குப் போனால் சாமி குத்தமா? (புதுச்சேரி)

திண்டிவனம் தாண்டி மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி கோயிலில் அந்த நாட்களிலும் பெண்கள் உள்ளே போய்க் கும்பிடுகிறார்கள். போவதும் போகாததும் உங்கள் மனசு. உடம்பு அசுத்தம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

மகள் வயசுக்கு வந்திருக்கிறாள். கொல்லையில் ஓலைக் குடிசை கட்டி 9 நாள் தனியாக வைக்க வேண்டுமாம். வேப்பிலையும் இரும்பும் வைத்தால் காத்து கருப்பு அண்டாது என்கிறார்கள். (பாகூர்)

தயவுசெய்து வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது, தஞ்சாவூர் மாவட்டத்தில் வயதுக்கு வந்த ஒரு சிறுமியைத் தனிக் குடிசையில்தான் படுக்க வைத்திருந்தார்கள். தென்னை மரம் விழுந்து அந்தப் பிள்ளை இறந்துபோனாள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் நம் பக்கம் கரையேறியபோது மரங்கள் எப்படிச் சாய்ந்தன என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். வேப்பிலையும் இரும்பும் மரத்தைத் தாங்குமா?

புயல் இல்லாத நாளிலும் அந்தக் குடிசையில் கழிப்பறை இல்லை, கதவு இல்லை. முதன்முதலாக ரத்தத்தைப் பார்த்துப் பயந்திருக்கும் பிள்ளைக்கு அம்மா பக்கத்தில் படுக்க வேண்டும். சடங்கு வையுங்கள், தாய்மாமன் சீர் கொண்டு வரட்டும், அதெல்லாம் சந்தோஷம். உளுந்தங்களி நல்ல சாப்பாடு. முட்டையைப் பச்சையாகக் கொடுக்காமல் அவித்துக் கொடுங்கள். நாப்கினை 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிக்கொடுங்கள். அப்புறம், பள்ளிக்கூடத்தை நிறுத்தாதீர்கள்.

மனைவி வலியில் சுருண்டு படுக்கிறாள். மாத்திரை போட்டால் குழந்தை பிறக்காது என்று அம்மா தடுக்கிறார். (கடலூர் முதுநகர்)

கேட்டதற்கு நன்றி தம்பி. கருப்பை இறுகிச் சுருங்குவதால் வருகிற வலி அது. டாக்டர் சொன்ன வலி மாத்திரையை, சாப்பாட்டுக்குப் பிறகு, ஓரிரு நாள் போட்டால் கருத்தரிப்பு கெடாது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. மாதாமாதம் எழுந்திருக்கவே முடியவில்லை என்றால் அரசு மருத்துவமனையில் மகப்பேறு டாக்டரிடம் காட்டுங்கள். உள்சுவர்ச் சவ்வு கருப்பைக்கு வெளியே வளர்ந்திருந்தாலும் இப்படி வலிக்கும். அதுவரை அடிவயிற்றில் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். அன்றைக்குச் சமையலை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.