மாசியில் இலங்கை மலையகம் வந்தால் எந்தத் திருவிழாவைப் பார்க்கலாம்?

"மலையகப் பழங்குடிகளின் பருவகாலத் திருவிழா ஒன்றைப் பார்க்க வேண்டும், மாசியில் வருகிறேன்" என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒரு திருத்தம். மலையகத் தமிழர் பழங்குடிகள் அல்லர். 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், பிறகு தேயிலைக்கும் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். இலங்கையின் பழங்குடி வேடர்கள். அவர்களைப் பார்க்க மலை ஏற வேண்டாம், மகியங்கனைக்கு அப்பால் தம்பானைக்குப் போங்கள்.

மாசி என்றால் தோட்டங்களில் காமன் கூத்து, சிவன் மன்மதனை எரித்த கதை. அட்டன், தலவாக்கலைப் பக்கம் அப்போது வறட்சி. பறிக்கத் தேயிலைக் கொழுந்து குறைவு, கூத்துக்கு ஆள் கிடைக்கும்.

பலர் இதை ஒரு ராத்திரி நாடகம் என்று நினைத்து வருகிறார்கள். உண்மையில் இரண்டு வார நேர்த்தி. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில், கூத்து நடக்கும் திடலான காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். பேய்க்கரும்பு, ஆமணக்குக் கொம்பு, சுற்றிலும் வைக்கோல் புரி, வறட்டி. தோட்டத்துக்குத் தோட்டம் சாமான் கொஞ்சம் மாறும். ரதி, மதன் (காமன்தான்) இரண்டு வேடமும் கட்டுவது ஆண்கள்தான். காப்புக் கட்டிக்கொண்டால் முடியும்வரை விரதம். நடுவில் ஒருவர் விலகினால் சிக்கல். பாட்டும் அடவும் தெரிந்த இன்னொருவரை ஒரு நாளில் பிடிக்க முடியாது, அதனால் கூத்து வாத்தியார் ஒத்திகையிலேயே மாற்றாள் ஒருவரையும் பழக்கி வைப்பார்.

தப்பு என்ற பறை இல்லாமல் கூத்து இல்லை. பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் சேர்க்கும் இடத்துக்கு, ஆள் கூப்பிட அடித்த அதே தப்புதான். இடது கையில் நீளமான மெல்லிய சிம்புக் குச்சி, வலது கையில் தடித்த அடிக்குச்சி. மலையின் பனி ஈரத்தில் தோல் தளர்ந்து, நாதம் 'தொப் தொப்' என்று அமுங்கிவிடும். அதனால் பொட்டல் ஓரத்தில் வைக்கோலைக் கொளுத்தி அடிக்கடி காய்ச்சுவார்கள். தோலை நெருப்புக்கு நேராகப் பிடித்தபடியே விட்டால் வெடித்துவிடும். வட்டமாகச் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும், விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். ஒலிபெருக்கி வைக்கிற இடங்களில் மைக்கைத் தப்புக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள், பாட்டு ஒரு வரிகூடக் காதில் விழாது. இது என் தீராத குறை.

கம்பத்தை எரிப்பது பௌர்ணமியன்று. பெரும்பாலும் மெதின் போயா (மார்ச் மாதப் பௌர்ணமி) நாள், அரசு விடுமுறை. விடியும்வரை ஆடுவதால் மறுநாள் பெரட்டில் தலை குறையும். தவத்திலிருக்கும் சிவனைக் கலைக்க மதன் புறப்படுகிறான், ரதி தடுக்கிறாள். அந்த வாக்குவாதம்தான் இரவின் உயிர், மணிக்கணக்கில் நீளும். தட்சன், வீரபத்திரன், எமன் எல்லாம் இடையில் வந்து போவார்கள். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்ததும் கம்பத்துக்குத் தீ. வறட்டி சரியாகக் காயாவிட்டால் இங்கேதான் மானம் போகும்: புகை மட்டும் கிளம்பும், சிவன் வேடக்காரர் மூன்றாவது கண்ணோடு நின்றுகொண்டே இருப்பார், யாராவது மண்ணெண்ணெய் தேடி ஓடுவார்கள். வறட்டியை மடக்கி உடைத்தால் பொடியாக உதிர வேண்டும். நடுவில் கறுத்து நெகிழ்ந்தால் இன்னும் ஈரம்.

தீ அணைந்ததும் கிளம்பிவிடாதீர்கள். விடியலில் ரதி புலம்பல் இருக்கிறது. லயத்துப் (தொழிலாளர் வரிசை வீடுகள்) பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பது அப்போதுதான். மூன்றாம் நாள் மதனை எழுப்பும் சடங்கு, கூட்டம் குறைவு, ஆனால் கதை அங்கேதான் முடிகிறது: மதன் ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான்.

கவ்வாத்துச் சாமி (தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து வேலைக்கு), ரோதை முனி (தேயிலை ஆலைச் சக்கரத்துக்கு) கும்பிடுகளைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவை வேலையோடு ஒட்டியவை, நாள் பார்த்துப் போய்ப் பார்க்க முடியாது.

எந்தத் தோட்டம் இந்த வருடம் கம்பம் ஊன்றுகிறது என்பதை ஓட்டலில் கேட்காதீர்கள், தோட்டத் தலைவரிடமோ கோயில் கமிட்டியிடமோ கேளுங்கள். எல்லாத் தோட்டத்திலும் எல்லா வருடமும் நடப்பதில்லை. ஸ்வெட்டர் கொண்டு வாருங்கள், பொட்டலில் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். காப்புக் கட்டியவர்களைத் தொட்டுப் பேசவோ தோளில் கைபோட்டுப் படம் எடுக்கவோ வேண்டாம். தட்டு வந்தால் முடிந்ததைப் போடுங்கள், சலங்கைக்கும் மாலைக்கும் லயத்துக்காரர்கள்தான் வசூல் பண்ணுகிறார்கள்.