மேலிருந்து எடுத்த படம்

அன்புள்ள ஐயா,

காரைக்குடிப் பக்கம் கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். ட்ரோனும் பறக்க விடுகிறேன். ட்ரோன் போரைக் கண்டித்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு ஒப்பவில்லை. என் சித்தப்பா மகன் ராணுவத்தில் இருக்கிறான். 2025 மே மாதம் எல்லையில் ட்ரோன்கள் வந்த அந்த நாட்களில் சித்தி சரியாகச் சாப்பிடவே இல்லை. ஆளில்லாத விமானம் போய் அடித்தால் நம் பிள்ளை சாக வேண்டாமே? ஊரையே தரைமட்டமாக்குவதைவிட, மணிக்கணக்கில் பார்த்து ஆளைக் குறிவைத்து அடிப்பது மேல் இல்லையா? அமெரிக்காவிடம் இந்தியா 31 ட்ரோன் வாங்குவதும் தப்பா?

மெய்யப்பன், கோட்டையூர்

அன்புள்ள மெய்யப்பன்,

உங்கள் சித்தியின் பயத்தோடு நான் வாதாட வரவில்லை. குறிவைத்து அடிப்பது மேல் என்பதும் வெறும் பேச்சு இல்லை. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டபோது, வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்து நின்ற கூட்டத்தில் ஏராளமானோர் செத்தார்கள். பர்மாவிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்களின் கதை நம் பக்கம் எத்தனை வீட்டில் இருக்கிறது! கீழே நிற்பது யார் என்று அந்த விமானிகளுக்குத் தெரியாது. ட்ரோன் பார்க்கிறது, காத்திருக்கிறது, குழந்தை குறுக்கே வந்தால் அடிக்காமல் விடவும் முடிகிறது. இது நன்மைதான்.

ஆனால் கல்யாண வீட்டு வளவுக்கு மேலே ட்ரோனை நிறுத்தி நீங்கள் எடுக்கும் படத்தில் ஓடு தெரியும், பந்தல் தெரியும், தலைகள் தெரியும். அதில் சம்பந்தி யார், சமையல்காரர் யார், கூப்பிடாமல் வந்தவர் யார்? வீட்டு ஆளைக் கேட்டால்தான் உண்டு. ஏவுகணை சொன்ன இடத்தில் விழும், சரி. அங்கே இருப்பது யார் என்பதில்தான் கோளாறு. 2013 டிசம்பரில் ஏமனில் வரிசையாகப் போன வண்டிகளை அமெரிக்க ட்ரோன் அடித்தது. அது கல்யாண ஊர்வலம். 12 பேர் செத்தார்கள், மணப்பெண்ணுக்கும் காயம் என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு விசாரித்து எழுதியது. செத்தவர்கள் தீவிரவாதிகள் என்றது அமெரிக்கத் தரப்பு.

மணிக்கணக்கில் பார்ப்பது பற்றிச் சொன்னீர்கள். 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் ஒரு வெள்ளை கொரோலா காரை ஏறக்குறைய எட்டு மணி நேரம் அமெரிக்கப் படையினர் மேலிருந்து பின்தொடர்ந்தார்கள். ஓட்டியவர் அமெரிக்கத் தொண்டு நிறுவனம் ஒன்றின் ஊழியர். அவர் ஏற்றியது தண்ணீர் கேன்கள். திரையில் பார்த்தவர்களுக்கு அது வெடிபொருள். வீட்டுக்குள் கார் நுழைந்ததும் அடித்தார்கள். பத்துப் பேர் செத்தார்கள், அதில் ஏழு குழந்தைகள். முதலில் நியாயமான தாக்குதல் என்றவர்கள், பத்திரிகைகள் தோண்டிய பிறகு தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். ராணுவத்தில் ஒருவருக்கும் தண்டனை இல்லை. தலைநகரம் என்பதால் இதாவது வெளியே வந்தது.

அவ்வளவு தூரம் போவானேன். இலங்கையில் போர் நடந்தபோது வன்னி மக்கள் 'வண்டு' என்று சொன்ன வேவு விமானம் குண்டு போடவில்லை, பார்த்துச் சொன்னது. அடித்தது பீரங்கி. 2009 தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு மருத்துவமனைமேல் திரும்பத் திரும்ப எறிகணை விழுந்ததையும், இலங்கை அரசிடம் வேவு விமானப் படங்கள் இருந்ததையும் ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை சொல்கிறது. கண் கூர்மையாக இருந்தால் ஜனங்கள் பிழைப்பார்கள் என்பதை நான் நம்பாததற்கு இதுவே போதும்.

நம் பிள்ளை சாக வேண்டாம் என்பது அம்மாவுக்கு ஆறுதல், ஆட்சியில் இருப்பவருக்கு வசதி. சவப்பெட்டி ஊருக்கு வந்தால்தானே கேள்வி வரும்? பாகிஸ்தானிலும் ஏமனிலும் சோமாலியாவிலும் போர் என்று அறிவிக்காமலேயே அமெரிக்கா வருஷக்கணக்கில் அடித்தது அப்படித்தான். அப்புறம், இந்தப் பாதுகாப்பு எதிரியிடமும் ட்ரோன் வரும்வரைதான். உக்ரைனில் சில நூறு டாலர் ட்ரோன் பெரிய டாங்கியை நிறுத்துகிறது. பலவீனமான நாட்டுக்கு அது பிடிமானம், மறுக்கவில்லை. அதே சாமான் ரஷ்யப் படையின் கையில், உக்ரைனின் கெர்சோன் நகரத்தில் தெருவில் நடந்து போகிறவரைத் துரத்திக் கொல்கிறது. அதை மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று ஐ.நா. விசாரணை ஆணையம் 2025இல் சொன்னது. மே மாதம் உங்கள் சித்தியைச் சாப்பிடவிடாமல் செய்ததும் ட்ரோன்தானே?

இனி அந்த 31. அரக்கோணம் கடற்படைத் தளத்தில் 2020 முதல் குத்தகை ட்ரோன்கள் இருக்கின்றன; கடலைக் கண்காணிக்கின்றன. அதில் எனக்குக் குறை இல்லை. வரப்போகிறவை ஏவுகணை சுமக்கக்கூடியவை. அடிக்கச் சொல்வது யார், ஆள் மாறிப் போனால் விசாரிப்பது யார், அந்த அறிக்கை நம் கைக்கு வருமா? இதற்கெல்லாம் எழுத்தில் விதி வெளியானால் இந்தத் தளத்திலேயே முழுசாகப் போடுகிறேன். அதுவரை நான் எழுதியதை மாற்றுவதாக இல்லை.