உங்கள் ஊரில் என்ன நெல்?

அன்புள்ள ஐயா,

மன்னார்குடியில் முதுகலைத் தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மழைக்காட்டுச் சூழலியலும் உள்ளூர்ப் பண்பாடும் கற்க, எங்கள் துறையில் பன்னிரண்டு பேரை இரண்டு வாரம் மலேசியாவின் சரவாக் மாநிலத்துக்கு அழைத்துச் செல்கிறார்கள். அப்பா சம்பா நெல் விற்ற பணத்தில்தான் போகிறேன். டெல்டாவில் காடே கிடையாது. வயலைத் தவிர எதையும் பார்த்திராத எனக்கு அங்கே என்ன புரியும் என்று பயமாக இருக்கிறது. நாகரிகம் எட்டாத பழங்குடிகளையும் நேரில் பார்க்கப்போகிறோம். எப்படித் தயாராவது?

க., மன்னார்குடி

அன்புள்ள க.,

டெல்டாவில் காடு உண்டு. முத்துப்பேட்டையில் அலையாத்திக் காடு, கோடியக்கரையில் வறண்ட பசுமைமாறாக் காடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோடியக்கரைக்குப் பஸ் ஏறி, பாலை மரத்தின் இலையைத் தொட்டுப் பாருங்கள். தோல்போலத் தடித்து, நுனி சற்றே உள்வாங்கியிருக்கும். வெயிலுக்கு அஞ்சி நீரைக் காக்கிற இலை அது. சரவாக்கில் பல இலைகளின் நுனி வால்போல நீண்டிருக்கும், விழுந்த மழையை வடித்துவிடுவதற்கு.

வயலை மட்டுமே பார்த்தேன் என்கிறீர்கள். அதுவே உங்கள் கைமுதல். நம் மண் காவிரி கொண்டுவந்து சேர்த்த வண்டல். சத்து மண்ணில் இருக்கிறது, பயிர் வந்து போகிறது. சரவாக் காட்டின் பச்சையைப் பார்த்ததும் நம்மவர் கண் "என்ன மண்ணப்பா இது!" என்றுதான் வியக்கும். உண்மையில் அது பெரும்பாலும் ஏழை மண். ஓயாத மழை சத்தைக் கரைத்துக் கொண்டுபோய்விடுகிறது. மிஞ்சியதில் பெரும்பகுதி மரங்களின் உடலில் இருக்கிறது. உதிர்ந்த இலையைப் பூஞ்சையும் கறையானும் விரைவில் சிதைக்க, மேலோடும் வேர்கள் உடனே உறிஞ்சிக்கொள்கின்றன. மீரி நகருக்கு அருகே, லம்பிர் குன்றுகள் தேசியப் பூங்காவில் 52 ஹெக்டேரை அளந்து மரங்களுக்கு எண் கொடுத்து ஆராய்கிறார்கள். தஞ்சாவூர்க் கணக்கில் சுமார் 19 வேலி. அதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மர வகைகள்! நம் 19 வேலியில் ஒரே நெல் ரகம் நிற்கும்.

இனி அந்தப் பழங்குடிகள். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊருக்கு வெளிநாட்டு மாணவர்கள் வந்தார்கள். நடவு நட்ட பெண்களை நாள் முழுக்கப் படம் எடுத்தார்கள். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர்கள் போனபின் ஒரு பாட்டி என்னிடம் கேட்டார்: "ஏன் தம்பி, இவர்கள் ஊரில் சோறே கிடையாதா?"

சரவாக்கின் பழங்குடிகளான இபான் மக்கள் உங்களைப் பற்றி அப்படிக் கேட்கும்படி ஆகிவிடக் கூடாது. பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழும் அவர்கள் நீளவீட்டில் குடும்பத்துக்கு ஒரு பிலிக் என்ற அறைப்பகுதி. எல்லோருக்கும் பொதுவாக ருவாய் என்ற நீண்ட கூடம். வீடுகளை ஒட்டி ஒரே திண்ணை தெருக்கோடி வரை ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்காருங்கள். பிள்ளைகள் நகரத்தில் வேலை பார்ப்பார்கள், பெரியவர் கையில் செல்பேசி இருக்கும். அதைப் பார்த்து ஏமாற்றம் அடையாதீர்கள்.

அவர்களும் நெல்லை வணங்குகிறவர்கள். அறுவடை முடிந்து, ஜூன் 1 அன்று கவாய் தயாக் என்ற அறுவடைத் திருவிழாவைக் கொண்டாடுகிறார்கள். குடும்பத்துக்கென்று பாடி புன் என்ற புனித நெல் உண்டு; அதன் விதையைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றுகிறார்கள். மலைச்சரிவை எரித்து, அந்தச் சாம்பலில் விதைத்து, பிறகு பல ஆண்டுகள் காட்டுக்கே விட்டுவிடுவது பழைய முறை. மண் ஏழை என்பது அவர்களுக்கு உங்கள் பாடப்புத்தகத்துக்கு முன்பே தெரியும். அதைக் காட்டழிப்பு என்று திட்டுகிறவர்களிடம் மரவெட்டு நிறுவனங்களையும் செம்பனைத் தோட்டங்களையும் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

"உங்கள் ஊரில் என்ன நெல்?" என்று அங்கே யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? உங்கள் ஊருக்கு அருகே, ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நெல் திருவிழா நடத்தி, மறைந்துகொண்டிருந்த ரகங்களை ஊர் ஊராக விதைக்கக் கொடுத்தார். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் என்று பெயர் சொன்னால் மட்டும் போதாது. அப்பா இந்த ஆண்டு போட்டது என்ன, தாத்தா காலத்தில் அதே வயலில் விளைந்தது என்ன, அது ஏன் போயிற்று? புறப்படும் முன் அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பயணத்துக்குப் பணம் கொடுத்தவருக்கும் அது பிடிக்கும்.

மற்றபடி, அட்டைக்குப் பயப்படாதீர்கள். வயலில் கால் வைத்தவருக்கு அது பழகிய உறவுதான். ஒரே வித்தியாசம், அங்கே தண்ணீரில் தேடக் கூடாது. இலை நுனியில் நின்றபடி உங்களுக்காகக் காத்திருக்கும்.