பனி சரியாக இல்லாத நாளிலும் பனிச்சறுக்கு ஏன் பிடிக்கிறது?

பனிச்சறுக்கு என்பது நீளமான இரண்டு பட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு மலைச்சரிவில் வழுக்கி இறங்குவது. கீழே இழுப்பது புவியீர்ப்பு. திசையையும் வேகத்தையும் தீர்மானிப்பது நம் கால்கள். எடையை ஒரு காலுக்கு மாற்றி, பட்டையின் எஃகு விளிம்பைப் பனியில் அழுத்தினால் திரும்பலாம். அந்தத் திருப்பம் கைகூடிவிட்டால், இறுகிய பனியை விளிம்பு கரகரவென்று கீறும் சத்தம்கூடச் சுகம்தான். அப்புறம், விழுந்தால் தூக்கிவிட்டு, கூடவே சூடாக டீ குடிக்கும் கூட்டாளிகள்.

வைகையில் தண்ணீர் குறைவான வருஷத்திலும் அழகர் இறங்குவதைப் பார்க்க மதுரையே திரள்கிறதே, அப்படித்தான் இதுவும்.

இங்கிருந்து காஷ்மீரின் குல்மார்க்கோ உத்தராகண்டின் அவுலியோ போய்ப் பனிச்சறுக்கு பழக நினைப்பவர்கள் பலர், புதுப்பனி ஆழமாக விழுந்தால்தான் கற்க முடியும் என்று நினைக்கிறார்கள். உண்மையில், புதிதாகப் பழகுபவர்களுக்கு இயந்திரத்தால் அமுக்கிச் சமப்படுத்திய சரிவே எளிது.