தூற்றினார்களா, கேட்டார்களா?

கேள்வி: கிராம சபையில் குடிநீர் வராததைப் பற்றி நாலைந்து பேர் எழுந்து கேட்டோம். மறுநாள் செய்தியில் 'தலைவரைப் பொதுமக்கள் தூற்றினர்' என்று வந்தது. நாங்கள் செய்தது தூற்றலா? களத்தில் நெல் தூற்றுகிறோமே, அதே சொல்தானா?
– தக்கலை வாசகர் ஒருவர்

பதில்: அதே சொல்தான். ஆனால் நீங்கள் செய்தது தூற்றல் இல்லை.

சிதறி விழுவது தூறு. மழை தூறுகிறது என்கிறோம். மாறு, மாற்று என்பது போல, சிதற விடுவது தூற்று. நாஞ்சில் நாட்டில் கும்பப்பூ நெல் அறுப்புக் களத்தைப் பார்த்திருப்பீர்கள். சுளவில், அதாவது முறத்தில், நெல்லை அள்ளித் தலைக்கு மேலே தூக்கி, காற்றுப் பார்த்து மெல்லச் சரிப்பார்கள். மணி காலடியில் விழும். சாவியான பதரும் தூசியும் பறந்துபோய் யார் கண்ணிலோ விழும். ஆளைத் தூற்றுவதும் அப்படித்தான்: ஒருவருடைய குறையை ஊரெல்லாம் பரவும்படி காற்றில் விடுவது. 'துன்னியார் குற்றமும் தூற்றும் மரபினார்' என்ற குறள் (188) புறங்கூறாமை அதிகாரத்தில் இருப்பதைக் கவனியுங்கள். அந்த ஆள் இல்லாத இடத்தில் நடக்கிற வேலை அது.

மண் வாரித் தூற்றுவது இன்னொன்று. வயிறெரிந்த ஒரு பெண் நடுத்தெருவில் குனிந்து, இரண்டு கையாலும் மண்ணை அள்ளி, அநியாயம் செய்தவன் வீட்டைப் பார்த்து வீசுவாள். 'நீ வெளங்க மாட்ட' என்பாள். அது ஊர் பார்க்க, நேருக்கு நேர் நடப்பது. சாபமும் அவமதிப்பும் சேர்ந்தது. வேறு போக்கிடம் இல்லாதவர்கள் செய்வது என்பதால் அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஏசுவது இந்த இரண்டிலும் சேராது. கோபத்தில் முகத்துக்கு நேரே வைவது, அவ்வளவுதான். விளவங்கோடு பக்கம் 'சீத்த விளிச்சான்' என்பார்கள். நீங்கள் அதுகூடச் செய்யவில்லை.

தலைவரை எதிரே வைத்துக்கொண்டு, ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்டால் அதற்குப் பெயர் கேள்வி. குரல் உயர்ந்திருந்தால் கண்டனம் என்று எழுதலாம். 'தூற்றினர்' என்று போட்டதும் வறண்ட குழாய் மறைந்துபோய், வாய்த்துடுக்கான நாலு பேர்தான் படிப்பவர் கண்ணில் நிற்கிறார்கள். கேட்டவன் குற்றவாளி ஆகிவிடுகிறான். ஒரு வினைச்சொல் செய்கிற அநியாயம் இது. பத்திரிகை வேலை பார்க்கிற எனக்கே பொறுக்கவில்லை.

அந்தப் பத்திரிகைக்கு மறுப்பு எழுதுங்கள். 'நாங்கள் தூற்றவில்லை' என்பதோடு நிறுத்த வேண்டாம். சபையில் கேட்ட கேள்வியை அப்படியே எழுதி, குழாயில் தண்ணீர் வந்து எத்தனை நாளாயிற்று என்பதையும் சேர்த்து அனுப்புங்கள்.