அப்பாவுக்கு சிஇஏ கூடியிருக்குன்னு கேட்ட அண்ணாச்சிக்கு

அண்ணாச்சி, அப்பாவுக்கு இரைப்பைய முழுசா எடுத்தபெறவு சிஇஏ, அதான் ரத்தத்துல பாக்க கேன்சர் மார்க்கர், 3.1ல இருந்து 6.2 ஆயிட்டுன்னு பதறுதீய, ஒரு ரிப்போர்ட்ட வச்சு கேன்சர் திரும்பிட்டுன்னு முடிவு கட்டாதீய. நார்மல் 5 வரைக்கும்னு போட்டிருப்பாங்க, பீடி குடிக்கவங்களுக்கு கொஞ்சம் கூடத்தான் இருக்கும், ஈரல் கோளாறுலயும் ஏறும். முதல் டெஸ்ட் தென்காசில, ரெண்டாவது பாளையங்கோட்டைல வேற லேப்னு சொல்லுதீயள்லா, அதுதான் எனக்கு இடிக்கி, லேபுக்கு லேப் மெஷினும் டெஸ்ட் கிட்டும் மாறும், ரெண்டு நம்பரையும் நேரா ஒப்பிடக்கூடாது. ஆபரேஷன் பண்ண டாக்டர்ட்ட இப்பவே காட்டிட்டு, ஒரே லேப்ல திரும்ப எடுங்க, சிஏ 19-9ங்கிற இன்னொரு மார்க்கரையும் சேத்துப் பாக்கலாமான்னு கேளுங்க. ஏறிட்டே போனா சிடி ஸ்கேன் சொல்லுவாங்க. மார்க்கர் நார்மலா இருந்தும் நோய் திரும்புறது உண்டு, அதனால எடை குறைஞ்சாலோ சாப்பாடு இறங்கலன்னாலோ நம்பருக்காகக் காத்திருக்காதீய. ஆமா, பி12 வைட்டமின் ஊசி போடுதாங்களா? இரைப்பை இல்லாதவங்களுக்கு அது கண்டிப்பா வேணும்.